துன்ப ஓமோனும் குழந்தையின் கட்டியும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு குழந்தைக்குப் புற்றுநோய் என்று கேட்டவுடன் நம்மவர் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "வயிற்றிற் சுமந்தபோது தாய் என்ன கவலைப்பட்டாளோ?" என்பது. அடுத்தது, "யார் செய்த வினையோ?" என்பது. இவ்விரு கேள்விகளையும் சிறிது ஆராய விரும்புகிறேன்.

நமது சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேலும் தொப்பி வைத்தாற்போல அதிரீனல் என்னும் சிறு சுரப்பி உண்டு. நாய் துரத்தும்போது நெஞ்சைப் படபடக்கச் செய்யும் அதிரீனலின் அதன் உட்பகுதியிற் சுரக்கிறது; நெடுந்துன்பத்தைத் தாங்க உதவும் கோட்டிசோல் வெளிப்பகுதியிற் சுரக்கிறது. அவ்வுட்பகுதி நரம்பின் உடன்பிறப்பு. கருவிலே நரம்புகளைத் தோற்றுவிக்கும் கலங்களின் இனத்தவையே அங்குக் குடியேறுகின்றன. அவற்றுட் சில முதிராமல் நின்று கட்டின்றிப் பெருகுவதுண்டு. அதுவே நியூரோபிளாஸ்டோமா. 1910ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய அறிஞர் ஜேம்ஸ் ஹோமர் ரைட் இப்பெயரை இட்டார். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே இது பற்றுகிறது.

துன்ப ஓமோன் பிறக்கும் வீட்டிலேயே இக்கட்டியும் பிறப்பதைக் கவனியுங்கள். இக்கட்டி தானே அதிரீனலினின் இனப் பொருள்களை உண்டாக்குகிறது. அவை சிதைந்து சிறுநீரில் வருவதைக் கொண்டே வைத்தியர் நோயைத் துணிகின்றனர்.

அப்படியாயின் இவ்வோமோன்கள் கட்டியின் போக்கை மாற்றுமா? மாற்றக்கூடும் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கோட்டிசோல் கலத்தினுட் புகுந்து, எந்தப் பரம்பரையலகு விழிக்க வேண்டும், எது உறங்க வேண்டும் என்பதை மாற்றவல்லது. ஆய்வுகூடத்திலே கோட்டிசோல் இனத்து மருந்துகளை ஏற்ற கட்டிக் கலங்கள் தம் நரம்புச் சாயலை விட்டு, மருந்துக்கு எளிதில் மடியாத வேறொரு சாயலை எடுத்ததைக் கண்டிருக்கின்றனர். அதிரீனலினின் செயலைத் தடுக்கும் பிரோபிரனலோல் போன்ற இருதய மருந்துகளை, நம் முற்றத்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டினுடன் சேர்த்துக் கொடுத்தபோது, நோயுற்ற சுண்டெலிகள் கூடுதல் காலம் உயிர்வாழ்ந்தன என்று 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இது சுண்டெலியிற் கண்டது. குழந்தைகளுக்குரிய வழக்கமான சிகிச்சை ஆகிவிடவில்லை.

அன்பர்களே, இங்கேதான் நாம் வழுக்கி விழக்கூடாது. ஓமோன் கட்டியின் போக்கை மாற்றும் என்பது வேறு. தாயின் கவலை கட்டியைப் படைத்தது என்பது வேறு. முன்னையது சோதனையிற் கண்டது; பின்னையதற்குச் சான்று இல்லை. கோட்டிசோல் இன்றி எந்தக் குழந்தையும் உயிர்வாழாது. பிள்ளையின் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மீது பழியையும் சுமத்துவது அறமாகுமா?

வினைக்கொள்கையை நான் மறுக்கவில்லை. அது நம்மை நாமே திருத்திக்கொள்ள உள்ளது. அடுத்தவர் பிள்ளையின் பிணிக்குக் காரணம் கற்பிக்க உள்ளதன்று. திருச்செங்கோட்டிலே அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது திருஞானசம்பந்தப் பிள்ளையார் வினையென்று வாளாவிருக்கவில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடிப் பிணி தீர்த்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. பிணி கண்டவிடத்துப் பரிகாரம் தேடுவதே சைவநெறி.

ஆதலால் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். குழந்தையின் வயிற்றிலே கட்டி தட்டுப்பட்டாலும், அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கறுத்தாலும், கால் எலும்பு நோவென்று நடக்க மறுத்தாலும், கண்ணூறு என்று நாட்களைக் கடத்தாதீர்கள். நூல் கட்டுவதாயின் கட்டுங்கள். அன்றைக்கே பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கும் கொண்டு செல்லுங்கள். வாலிபர்களே, தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வரும் தாய்க்கு வழிகாட்டவும், மகரகமவுக்குச் செல்ல நேர்ந்தால் உடன் செல்லவும் நம்மில் இருவர் முன்வந்தாற் போதும். அதுவே நம் சங்கம் செய்யும் சிவதொண்டு.