மலச்சிக்கலும் வெட்கமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் சிலர் முகத்தைச் சுளிக்கிறீர்கள், சிலர் சிரிக்கிறீர்கள். சோற்றைப் பற்றி நாள் முழுதும் பேசலாம், அது வெளியே போவதைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது என்றால் இதில் என்ன அர்த்தம் இருக்கிறது? இந்த வெட்கமே வியாதியை வளர்க்கிறது என்பதுதான் என் அபிப்பிராயம்.

தினம் ஒரு வேளை போகாவிட்டால் வியாதி என்று பலர் பயப்படுகிறார்கள். அது சரியல்ல. நாளைக்கு மூன்று தடவை போகிறவர்களும், வாரத்துக்கு மூன்று தடவை போகிறவர்களும், கஷ்டமில்லாமல் போனால் சுகமுள்ளவர்களே. முக்கி முக்கிப் போவதும், கட்டியாகப் போவதும், போயும் போகாததுபோல் இருப்பதுந்தான் சிக்கல்.

இதற்குக் காரணம் கேட்டால் கிரகம் என்பார்கள், தலையெழுத்து என்பார்கள். குடலுக்குக் கிரகம் தெரியாது. மலத்திலுள்ள தண்ணீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. மலம் அங்கே அதிக நேரம் தங்கத் தங்க, வறண்டு இறுகிப் போகும். ஆதலால், வரும்போது போகாமல் அடக்குகிறவர் தமக்குத் தாமே சிக்கலை உண்டாக்கிக் கொள்ளுகிறார். அடக்க அடக்க அந்த உணர்ச்சியே மழுங்கிவிடும்.

அடுத்தது ஆகாரம். கைக்குத்தல் அரிசி தின்ற காலத்தில் தவிடும் நாரும் கொஞ்சமாவது வயிற்றுக்குப் போயிற்று. இப்போது வெளுக்கத் தீட்டி, தவிட்டை மாட்டுக்குப் போட்டுவிட்டு, வெறும் மாச்சத்தை நாம் தின்கிறோம். 1972-இல் பர்க்கிட் என்னும் வைத்தியரும் அவரது கூட்டாளிகளும் உகாண்டா கிராமத்தார் மலத்தையும் இங்கிலாந்துக்காரர் மலத்தையும் நிறுத்துப் பார்த்து எழுதினார்கள். நார் மிகுந்த ஆகாரம் தின்ற கிராமத்தாருக்கு மலத்தின் எடை அதிகம், அது குடலைக் கடக்கும் நேரம் குறைவு என்று கண்டார்கள். அவர்கள் வெட்கப்பட்டிருந்தால் இந்த உண்மை தெரிந்திருக்குமா?

வயது வந்தவர்களுக்குத் தினம் 25 கிராம் நாராவது வேண்டும் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் கூறிற்று. கம்பு, கேழ்வரகு, தட்டைப்பயறு, மொச்சை, கீரை, அவரை, வாழைத்தண்டு, கொய்யா இவற்றில் நார் உண்டு. கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தண்ணீரையும் கூட்டிக் குடியுங்கள். தினமும் நடங்கள். காலை ஆகாரம் உண்டதும் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். குந்தி உட்காருவது நல்லது. நாற்காலிபோன்ற கக்கூசானால் காலுக்கடியில் ஒரு மணை போட்டுக்கொள்ளுங்கள். மாதந் தவறாமல் குழந்தைக்கு விளக்கெண்ணெய் ஊற்றும் வழக்கத்தை விடுங்கள். இரத்தம் போனாலும், உடம்பு இளைத்தாலும், பழக்கம் திடீரென்று மாறினாலும் மந்திரிப்பவனிடம் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கழிப்பிடம் இல்லாத இடத்தில் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக் கொண்டிருக்கிறார்கள். கழிப்பிடம் சரியில்லாத பள்ளிக்கூடத்தில் பெண் குழந்தைகள் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். இதற்குப் பெயர் அடக்கமா? நாம் அவர்களுக்குக் கொடுக்கும் வியாதியல்லவா? திருவிழாவுக்கு வீடுதோறும் வரி வசூலிக்கிற ஊரில், கழிப்பிடத்துக்குக் கதவும் தண்ணீரும் இல்லையென்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் யார்?

ஆகவே தோழர்களே! இந்தச் சங்கதியை இன்றைக்கே வீட்டில் பேசுங்கள். ஊர்க் கூட்டத்திலும் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.