கூடை திரும்பி வருமா?

மாத்தளை மாவட்டத்தின் லக்கலயைப் பலருக்கும் களுகங்கை நீர்த்தேக்கத்தால்தான் தெரியும். பழைய நகரம் அதில் மூழ்கிவிட்டது. இன்று நான் பேச வந்தது தண்ணீரைப் பற்றியல்ல. அந்தப் பக்கத்துக் கத்தரிக்காய் தம்புள்ளைக்குப் போகும் வழியைப் பற்றி.

மரக்கறி மொத்தமாகக் கைமாறும் தம்புள்ள பொருளாதார மத்திய நிலையமும் இதே மாவட்டம்தான். வழி நீளம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் உரப்பையில் திணித்து, ஒன்றன்மேல் ஒன்றாக லொறியில் அடுக்கி, மேலே ஆளும் ஏறி உட்கார்ந்தால் அடிமூட்டை என்னவாகும்? இலங்கையில் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் வீணாகிறது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு.

மருந்தும் தெரிந்ததுதான்: பிளாஸ்டிக் கூடை. 2011 இறுதியில் அரசாங்கம் அதைக் கட்டாயமாக்கப் பார்த்தது. விவசாயிகளும் வியாபாரிகளும் வீதிக்கு இறங்கினார்கள், அரசாங்கம் பின்வாங்கியது. அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கூடையில் ஏற்றினால் லொறி கொள்ளும் பாரம் குறையும். வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவர யார் கூலி கொடுப்பது? அதோடு, நசுங்கிய காய்க்கு இடைத்தரகர் நட்டப்படுவதில்லை. "கழிவு" என்று சில கிலோவை வெட்டிவிடுவார். நட்டம் விவசாயிக்கும் வாங்குகிற நமக்கும்தான். பிறகு இடைத்தரகர் ஏன் கூடை வாங்கப்போகிறார்?

இதற்கு முன்பே, 1999இல், ஹங்குராங்கெத்தவில் பல்பொருள் அங்காடிகளை நடத்தும் கார்கில்ஸ் நிறுவனம் மரக்கறி சேகரிப்பு நிலையம் தொடங்கி, விவசாயிகளிடம் நேரடியாக வாங்கியது. அங்கே கூடை பிரச்சினையாகவில்லை. காரணம் எளிது: வாங்குபவரும் கடைக்காரரும் ஒருவரே. காய் நசுங்கினால் நட்டம் அவருக்கு. கூடை போய்ச் சேர்வதும் அவருடைய கடைக்கே. ஆனால் தரம் பார்த்து எடுப்பார்கள், மீந்தது மறுபடி உரப்பைக்குத்தான் போகும்.

2025 ஏப்ரலில் இந்திய உதவியுடன் 5000 தொன் கொள்ளளவுள்ள குளிரூட்டிய களஞ்சியம் தம்புள்ளையில் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் வழியிலேயே நசுங்கிய தக்காளியைக் குளிரில் வைத்து என்ன செய்வது?

சோடாப் போத்தலுக்கு வைப்புப் பணம் வாங்குகிறார்களே, கூடைக்கும் அப்படிச் செய்யலாம். பொருளாதார மத்திய நிலையமே கூடைகளை வைத்திருக்கட்டும். லொறி வாசலில் காயோடு ஒரு கூடையைக் கொடுத்தால், கழுவிய வெறுங்கூடை ஒன்றை வாங்கிக்கொண்டு லக்கலைக்குத் திரும்பலாம். திரும்பிப் போகிற லொறி எப்படியும் காலியாகத்தானே போகிறது!