கும்மிடிப்பூண்டி ரயிலில் ஓர் ஓக்லஹோமா நாவல்

(அத்திப்பட்டில் நிகழ்த்திய ஆசிரியர் நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவு)



ஒரு பள்ளி ஆசிரியரின் நினைவாக, அவரிடம் படித்தவர்கள் கூடிப் பணம் போட்டு ஏற்படுத்திய அறக்கட்டளை இது. அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர்களின் பணம். இப்படிப்பட்ட மேடையில் குறளோ சிலம்போ பேசுவதுதான் வழக்கம். நான் ஓர் அமெரிக்க நாவலைப் பேச வந்திருக்கிறேன், அதுவும் பள்ளிப் பெண் எழுதிய நாவல். இதை இந்த ஊரில் பேசக் காரணம், இங்கிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள ரயில் நிலையம்.

நாவலின் பெயர் ‘தி அவுட்சைடர்ஸ்’. எழுதியவர் எஸ்.இ. ஹின்டன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் துல்சா நகரத்துக்காரர். வில் ராஜர்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினார். 1967இல் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. பையன்களின் அடிதடியைப் பெண் எழுதினாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் படிக்காமலே தள்ளிவிடுவார்கள் என்று, முழுப்பெயரை மறைத்து முதலெழுத்துகளை மட்டும் போட்டார்கள். எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டு பள்ளியில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய தோல்வி மதிப்பெண். ஆசிரியர்களாகிய நாம் சற்று வெட்கப்படலாம்.

கதை எளிது. பதினான்கு வயது போனிபாய்க்கு அப்பா அம்மா இல்லை, கார் விபத்தில் போய்விட்டார்கள். இருபது வயது அண்ணன் டேரி, கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியவன், வீடுகளுக்குக் கூரை போடும் வேலை செய்து இரண்டு தம்பிகளைக் காப்பாற்றுகிறான். நடு அண்ணன் படிப்பை விட்டுவிட்டு பெட்ரோல் பங்க்கில் நிற்கிறான். இவர்களும் கூட்டாளிகளும் ‘கிரீசர்கள்’, தலையில் எண்ணெய் மினுங்க வாரிய கிழக்குப் பக்கத்து ஏழைப் பையன்கள். எதிர்க்கும்பல் ‘சோஷ்’கள், மேற்குப் பக்கத்துப் பணக்காரப் பிள்ளைகள், மஸ்டாங் காரில் வந்து தனியாக மாட்டுகிறவனை அடிப்பவர்கள். ஓர் இரவு பூங்காவில் போனிபாயின் தலையை நீரூற்றுத் தொட்டியில் அமுக்கிப் பிடிக்கிறார்கள். நண்பன் ஜானி கத்தியை எடுக்கிறான். ஒரு சோஷ் செத்துப்போகிறான். பிறகு ஓட்டம், பாழடைந்த தேவாலயத்தில் ஒளிவு, தீ, இரண்டு மரணங்கள், நடுவில் இரு கும்பலும் நேருக்கு நேர் மோதும் பெரிய சண்டை.

சண்டையில் கிரீசர்கள் ஜெயிக்கிறார்கள். ஆனால் சண்டைக்கு முன்பே சோஷ் கூட்டத்துப் பையன் ஒருவன் போனிபாயிடம் வந்து கணக்கை முடித்துவிடுகிறான். நீங்கள் ஜெயித்தாலும் இருந்த இடத்தில்தான் இருப்பீர்கள், நாங்கள் தோற்றாலும் எங்கள் வசதி குறையாது என்பது அவன் பேச்சின் சாரம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்கிறது.

இன்னொரு இடம். கதை முடியப்போகும் நேரம். நண்பர்களைப் பறிகொடுத்த போனிபாய் மரத்துப்போய்க் கிடக்கிறான். மூன்று சோஷ்கள் வம்புக்கு வர, கையிலிருந்த பாட்டிலை உடைத்து, உடைந்த முனையைக் காட்டி மிரட்டுகிறான். அவர்கள் போய்விடுகிறார்கள். உடனே குனிந்து தரையில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குகிறான், யாருடைய டயரும் பஞ்சராகிவிடக் கூடாதென்று. பக்கத்தில் நிற்கும் நண்பனுக்கு அதைப் பார்த்ததும்தான் உயிர் வருகிறது, இவன் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று. வகுப்பில் இந்த நாவலை நடத்தியபோதெல்லாம் நான் அதிக நேரம் செலவிட்ட பக்கம் இதுதான். கத்தியைப் பற்றிக் கேள்வி கேட்டால் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், கண்ணாடியைப் பற்றிக் கேட்டால் குனிந்துகொள்வார்கள்.

இனி நம் ரயிலுக்கு வருவோம்.

கும்மிடிப்பூண்டியில் புறப்படுகிற மின்சார ரயில் பொன்னேரி, மீஞ்சூர், நந்தியம்பாக்கம் கடந்து அத்திப்பட்டுக்கு வருகிறது. அடுத்து அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர், கத்திவாக்கம், தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை. இந்த நிலையங்களில் எல்லாம் புத்தகம் ஒன்றைச் சுருட்டிப் பின்பாக்கெட்டில் செருகிய பையன்கள் ஏறுகிறார்கள். சென்ட்ரலில் இறங்கியதும் ஒரு பகுதி கடற்கரைச் சாலையில் இருக்கும் மாநிலக் கல்லூரிக்கும் இன்னொரு பகுதி சேத்துப்பட்டுப் பக்கம் பச்சையப்பன் கல்லூரிக்கும் பிரிகிறது. ரயில் பெட்டியின் தகரத்தில் தாளம் தட்டிக் கானா பாடிக்கொண்டு வருவது கேட்க நன்றாகவே இருக்கும். ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு ‘ரூட்டு தல’ உண்டு. எதிர்க் கல்லூரிக்காரன் தனியாகச் சிக்கினால் ‘எங்க காலேஜுக்கு ஜே போடுறா’ என்பார்கள். போட்டால் மானம் போச்சு, போடாவிட்டால் மண்டை போச்சு.

பா. ரஞ்சித்தின் முதல் படமான ‘அட்டகத்தி’யில் (2012) நாயகன் கல்லூரிக்குப் போய் ரூட்டு தல ஆவதைச் சிரித்துக்கொண்டே பார்த்தோம். ஆனால் 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் பட்டப்பகலில் பேருந்துக்குள் பட்டாக்கத்தியோடு மாணவர்கள் மாணவர்களைத் துரத்தினார்கள். ஓடும் ரயிலில் தொங்கியபடி நடைமேடையில் கத்தியைத் தேய்த்துத் தீப்பொறி பறக்கவிட்டவர்களை நாம் செல்போனில் பார்த்திருக்கிறோம். 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே தாக்கப்பட்ட மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் சில நாட்களில் இறந்தார். கைதானவர்கள் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள்.

இங்கேதான் ஹின்டனின் நாவலும் நம் ரயிலும் பிரிகின்றன. துல்சாவில் ஏழைக்கு எதிரே பணக்காரன் நின்றான். நம் ரயிலில் எதிரே நிற்பவன் யார்? அவனும் குப்பத்துப் பையன், அவனும் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன், அவன் அப்பாவும் கான்ட்ராக்டில் நிலக்கரி அள்ளுகிறார் அல்லது ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பக்கமும் கிரீசர்கள்தான். சோஷ் இந்த ரயிலில் ஏறுவதே இல்லை. அவன் வீட்டு வாசலுக்கே கல்லூரிப் பேருந்து வருகிறது.

இந்த ஊரை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘சிட்டிசன்’ படம் வந்த பிறகு, ஊர்ப் பெயரைச் சொன்னாலே ‘வரைபடத்திலிருந்து காணாமல் போன ஊரா’ என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வது உங்களுக்குப் பழக்கம். அது அத்திப்பட்டி, கற்பனை ஊர். உண்மையான அத்திப்பட்டு இங்கேயே இருக்கிறது. அந்தப் படம் வந்த அதே 2001இல் பக்கத்தில் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது, இப்போது அதற்குக் காமராஜர் பெயர். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களின் திறன் மட்டும் 1,830 மெகாவாட், வல்லூரில் இன்னொரு 1,500. மின்சாரம் நகரத்துக்குப் போகிறது, சாம்பல் கொசஸ்தலையாற்றில் தங்குகிறது. நிரந்தரத் தொழிலாளி ஒரு கேட்டிலும் கான்ட்ராக்ட் தொழிலாளி இன்னொரு வரிசையிலும் நிற்கிறார்கள். இந்த ஊரில் வர்க்கக் கோடு எங்கே ஓடுகிறது என்று எட்டாம் வகுப்புப் பையனைக் கேட்டாலும் சரியாகக் கை காட்டுவான். ஆனால் அவன் வளர்ந்து கல்லூரிக்குப் போய்க் கத்தி எடுக்கும்போது அந்தக் கோட்டின் பக்கமே திரும்புவதில்லை. பக்கத்துப் பெட்டியில் இருக்கிற இன்னொரு அத்திப்பட்டுக்காரனைத் தேடுகிறான்.

இது இந்தத் தலைமுறையோடு வந்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். 1921இல் பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். தகராறு ஆலை வாசலிலிருந்து புளியந்தோப்புக் குடிசைகளுக்கு நகர்ந்தது. வீடுகள் எரிந்தன, போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். கூலி உயர்வுக்கான போராட்டம் தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் நடந்த சண்டையாக முடிந்தது. ஆலை நிர்வாகம் அந்தச் சண்டைக் களத்தில் இல்லை.

அதே 1921, மே 31, ஜூன் 1. ஹின்டனின் துல்சாவில், வடக்குப் பகுதியான கிரீன்வுட்டில் கறுப்பின மக்கள் வாழ்ந்த முப்பத்தைந்து தெருக்கட்டங்களை வெள்ளையர் கும்பல் எரித்தது. இறந்தவர்கள் முந்நூறு பேர் வரை இருக்கலாம் என்று பின்னாளைய ஆய்வுகள் சொல்கின்றன. நாவல் எழுதப்பட்டது அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. அதில் கிழக்கு உண்டு, மேற்கு உண்டு, வடக்கு இல்லை. கறுப்பின மாந்தர் எவருக்கும் அதில் பெயரோ பேச்சோ கிடையாது. ஹின்டனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. ஊரே பேசாமல் மூடிவைத்த ஒன்றை அந்த ஊர்ப் பள்ளிச் சிறுமி எங்கிருந்து எடுப்பாள்? ஆனால் நாவலைப் பாடமாக நடத்துகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏழை பணக்காரன் என்ற ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்ட கதை, அடியில் ஓடும் இன்னொரு கோட்டை எப்படி மறைத்துவிடுகிறது என்பதையும் அவர் நடத்த வேண்டும். நம் ‘ரூட்டு’ப் பேச்சும் அப்படித்தான். கல்லூரி, தடம், நிலையம் என்று எல்லாம் சொல்வார்கள், எந்தத் தெரு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். இந்த அவையில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

முடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வாசலோரம் நிற்கிற தம்பிகள் அதற்காகவே காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நாவலில் தேவாலயத்தில் ஒளிந்திருக்கும்போது அடையாளம் தெரியாமலிருக்க ஜானி நண்பனின் முடியை வெட்டி, நிறத்தை வெளுக்க வைக்கிறான். கொலை, தலைமறைவு, பசி எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட போனிபாய் முடி போனதற்குத்தான் உடைந்துபோகிறான். படிக்கிற பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவனுக்குச் சொந்தமென்று இருந்தது அது ஒன்றுதான். கார் இல்லை, நல்ல சட்டை இல்லை, முடி இருந்தது. நம் பக்கத்தில் பையன்கள் தாங்களே செம்பட்டை அடித்துக்கொண்டு வந்தால் ‘புள்ளிங்கோ’ என்கிறோம். பள்ளிக்கே முடிதிருத்துபவரை வரவழைத்து வரிசையாக உட்காரவைத்து வெட்டிய செய்திகளைப் பாராட்டாகவே போட்டன நம் நாளிதழ்கள். வெட்டுகிற கத்தரிக்கு அந்தப் பையனிடம் வேறென்ன இருக்கிறது என்று தெரியாது. தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்கலாம்.

தமிழில் இப்படியொரு நாவல் உண்டா என்று கேட்பீர்கள். பெருமாள்முருகனின் ‘நிழல் முற்றம்’ (1993) திரையரங்கில் சோடா விற்கும் பையன்களின் கதை. அதில் பணக்காரன் ஒருவனும் கத்தியோடு வருவதில்லை. ஏழைப் பையன்கள் ஒருவரையொருவர் ஏய்த்துக்கொண்டும் அணைத்துக்கொண்டும் வளர்கிறார்கள், அல்லது வளராமல் நிற்கிறார்கள். ஹின்டனைவிட நம் ரயிலுக்கு நெருக்கமான புத்தகம் அது என்பேன். இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும். ‘அவுட்சைடர்ஸ்’ கோபத்தைக் கற்றுத்தரும், ‘நிழல் முற்றம்’ அந்தக் கோபம் ஏன் பக்கத்திலிருப்பவன் மீதே விழுகிறது என்று காட்டும்.

ஹின்டனிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. படிப்பில் பின்தங்கிய போனிபாயிடம் ஆங்கில ஆசிரியர், நல்ல கட்டுரை ஒன்று எழுதிக் கொடு, தேர்ச்சி போடுகிறேன் என்கிறார். அவன் எழுத உட்காருகிறான். நாம் அதுவரை படித்த முழு நாவலும் அந்தக் கட்டுரைதான். கத்தியைப் பார்த்த பையனிடம் ஓர் ஆசிரியர் தலைப்பைத் திணிக்காமல் தாளை மட்டும் கொடுத்திருக்கிறார். நம் ரயில் பையன்களைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் முதல் தகவல் அறிக்கை எழுதும் காவலரும் செய்தியாளரும்தான். பையன் எழுதியது தேர்வுத்தாளில் இருக்கிறது, ‘நேரத்தின் அருமை’ என்ற தலைப்பில்.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நடக்கும் கட்டுரைப் போட்டியில் அடுத்த முறை ரயிலைத் தலைப்பாகக் கொடுங்கள். கல்லூரி மாணவர்களும் கலந்துகொள்ளட்டும். மெட்ராஸ் பாஷையில் எழுதலாம் என்று விதியிலேயே போடுங்கள், இல்லையென்றால் மேடைத்தமிழில் பொய் எழுதுவார்கள். பெயர்களை மாற்றி எழுதச் சொல்லுங்கள். தாள்களை நடுவர் குழுவைத் தவிர யாரும், குறிப்பாகக் கல்லூரி நிர்வாகமும் காவல் நிலையமும், பார்க்கக் கூடாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அது இல்லாமல் ஒருவனும் உண்மையை எழுத மாட்டான். நடுவர் குழுவில் நான் ஓர் ஆளாக இருக்கத் தயார். மற்ற இருவரில் ஒருவர் மாநிலக் கல்லூரியில் படித்தவராகவும் இன்னொருவர் பச்சையப்பனில் படித்தவராகவும் இருக்க வேண்டும், இருவரும் ஒரு காலத்தில் படியில் தொங்கியவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. பணம் போதாவிட்டால் இன்றைக்கு எனக்குக் கொடுத்த சொற்பொழிவுத் தொகையை அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.