வாழைக் கன்றும் வகுப்பறையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தின் விழா மேடையில் உயிரித் தொழில்நுட்பம் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் அவையோரில் சிலருக்கு எழக்கூடும். அவ்வையம் இயல்பானதே. ஆயினும் சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆய்வது தமிழ் கற்போர் கடமை. பொருளைக் காணாமலேயே சொல்லை மனனம் செய்து தேர்வுத் தாளில் இறக்கி வைக்கும் பழக்கம் ஒரு தலைமுறையைப் பற்றிக்கொள்ளுமானால், அதுபற்றி அறிவியலாசிரியர் கவலைப்படுவது போலவே தமிழாசிரியரும் கவலைப்பட வேண்டும். அக்கவலையின் பயனாக எழுந்ததே இவ்வுரை.

பள்ளத்தாக்கும் பாடநூலும்

1895இல் முல்லைப் பெரியாற்று அணை எழுந்து, மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியபின் இப்பள்ளத்தாக்கின் வாழ்வே மாறியது. இன்று 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. கம்பம் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பெரியகுளத்தில் தேர்ந்தெடுக்கப்பெற்று 1989இல் வெளியிடப்பெற்ற பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கை, அவ்வூர்ப் பெயரின் சுருக்கத்தைத் தாங்கிக் கடல் கடந்தும் சென்றுள்ளது. 1990 முதல் அங்கே தோட்டக்கலைக் கல்லூரியும் இயங்கி வருகிறது.

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வட்டாரத் தோட்டங்களில் இன்று செழித்து நிற்பவற்றுள் ஜி9 எனப்படும் வாழை முதன்மையானது. 'திசு வாழை' என்றால் இங்குள்ள தேநீர்க் கடையிலும் எல்லோர்க்கும் விளங்கும். நாற்று எத்தனை ரூபாய், எத்தனை மாதத்தில் தார் வெட்டலாம், தார் எத்தனை கிலோ தேறும் என்று உழவர் விரல்விட்டுச் சொல்வர்.

இதே செய்தி பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் பாடநூலில் 'தாவரத் திசு வளர்ப்பு' என்னும் தலைப்பில் உள்ளது. 'முழுஆக்குத்திறன்' என்னும் சொல்லுக்கு விளக்கம் எழுதி மாணவர் மதிப்பெண் பெறுகின்றனர். பத்தாம் வகுப்பிலேயே உயிரித் தொழில்நுட்பம் பாடமாக வந்துவிடுகிறது. ஆனால் தந்தை தோட்டத்தில் நடும் கன்றும், மகள் தாளில் எழுதும் விடையும் ஒன்றைப் பற்றியனவே என்பதை அவ்விருவருமே உணராமல் இருக்க முடிகிறது. ஒரே வீட்டின் முற்றத்தில் ஒன்றும் திண்ணையில் ஒன்றுமாக இரண்டு அறிவுகள் முகம் பாராமல் வாழ்கின்றன. கல்வியில் இதனினும் பெரிய இழப்பு யாது?

தொட்டறிந்த மரபு

தமிழ் மரபு இத்தகைய பிளவை அறியாதது. தொல்காப்பிய மரபியல், புறத்தே வன்மை உடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பகுத்துக் காட்டுகிறது. தென்னையும் பனையும் ஒரு பக்கமாகவும், தேக்கும் வேம்பும் மறுபக்கமாகவும் நிற்கும் இப்பகுப்பை எட்டநின்று பார்த்தவர் செய்திருக்க இயலாது. வெட்டிப் பார்த்தவர், தொட்டுப் பார்த்தவர், தச்சரோடும் உழவரோடும் பழகியவர் வகுத்த இலக்கணம் அது. கை முதலில் அறிந்தது. சொல் பின்னர் பிறந்தது. உயிரியல் கல்வியும் இவ்வரிசையிலேயே நடைபெறுதல் வேண்டும் என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

ஒரு பழமும் ஒரு குவளையும்

உயிரித் தொழில்நுட்பம் என்றவுடன் பல இலட்ச ரூபாய்க் கருவிகளும் கண்ணாடி அறைகளும் நினைவிற்கு வருகின்றன. தொடக்கப் பாடத்திற்கு அவை தேவையில்லை. உலகெங்கும் பள்ளிகளில் செய்யப்படும் எளிய செய்முறை ஒன்று உண்டு. அதற்கு வேண்டிய முதற்பொருள் இப்பள்ளத்தாக்கில் எங்கும் கிடைக்கும் வாழைப்பழமே.

நன்கு கனிந்த பாதிப் பழத்தைப் பிசைந்துகொள்ள வேண்டும். அரைக் குவளை நீரில் ஒரு சிட்டிகை உப்பும், பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசல் ஒரு கரண்டியும் சேர்த்து, நுரை எழாமல் பழத்தோடு கலக்க வேண்டும். சற்று நேரம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டினால் தெளிந்த சாறு கிடைக்கும். பனிக்கட்டியில் வைத்துக் குளிரூட்டிய ஸ்பிரிட்டைக் குவளையின் ஓரமாக மெல்லச் சரித்து ஊற்ற வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும் ஆதலின் அருகே விளக்கோ அடுப்போ இருத்தல் ஆகாது. சில நொடிகளில் இரு நீர்மங்களும் சந்திக்கும் இடத்தில் வெண்பஞ்சு போன்ற இழைகள் எழும். குச்சியால் சுற்றி எடுக்கலாம். பழத்தின் மரபுப்பொருளாகிய டி.என்.ஏ. அவ்விழைகளில் உள்ளது.

செய்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு படிக்கும் காரணம் கேட்கப் பழக வேண்டும். சோப்பு எதற்கு? எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் அதே சோப்பு, கொழுப்பாலான செல் உறையையும் கரைக்கிறது. உப்பு எதற்கு? டி.என்.ஏ. இழைகள் எதிர்மின் தன்மை உடையவை, ஒன்றையொன்று விலக்குபவை. உப்பு அவ்விலக்கத்தைத் தணித்து அவற்றை ஒன்றுசேர விடுகிறது. ஸ்பிரிட் எதற்கு? நீரில் கரையும் டி.என்.ஏ. அதில் கரையாது வெளிப்படுகிறது. கிடைத்த இழை தூய டி.என்.ஏ. அன்று, புரதமும் பிறவும் அதில் கலந்துள்ளன, பாடநூற் படத்திலுள்ள முறுக்கேணி வடிவம் வெறுங்கண்ணுக்குப் புலனாகாது என்பவற்றையும் ஆசிரியர் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உண்மையின் எல்லையைச் சொல்வதும் அறிவியலே.

1869இல் பிரெடெரிக் மீஷர் என்னும் இளம் ஆய்வாளர் செருமனியின் தூபிங்கன் நகரில் இப்பொருளை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். மருத்துவமனையில் கழித்துப் போட்ட சீழ்படிந்த கட்டுத்துணிகளிலிருந்து அவர் அதனைப் பெற்றார். குப்பைக்குச் செல்லவிருந்த துணியில் தொடங்கிய ஆய்வு இது என்று கேட்கும் சிற்றூர் மாணவர்க்கு, அறிவியல் தமக்கும் உரியதே என்னும் துணிவு பிறக்கும்.

விதையில்லாக் கனி எழுப்பும் வினா

அதே பழத்தைக் குறுக்கே அரிந்தால் நடுவில் சிறு கரும்புள்ளிகள் தெரியும். விதையாக வேண்டியவை விதையாகாமல் நின்ற சுவடுகள் அவை. காட்டு வாழையில் கடினமான விதைகள் உண்டு. ஜி9 போன்ற வாழைகளிலோ பதினொன்றின் மும்மடங்காக முப்பத்துமூன்று குரோமோசோம்கள் உள்ளன. மூன்றை இரண்டாகச் சமமாய்ப் பகுக்க இயலாமையின் விதை உருவாவதில்லை. விதையின்மையின் கன்று வைத்தே இனம் பெருக்க வேண்டியதாகிறது. கன்று வைப்பதனால் தாய் வாழையின் நோயும் கன்றோடு கூடவே வருகிறது.

அண்மையிலுள்ள கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழை பட்ட பாடு இதற்குச் சான்று. முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோய், அசுவுணியாலும் நோயுற்ற கன்றுகளாலும் பரவி அம்மலைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பெயர்பெற்ற அப்பழம் அரிதாயிற்று. நோயற்றதெனச் சோதித்தறிந்த தாய் வாழையிலிருந்து திசு வளர்ப்பின் வழியே கன்றுகளை உண்டாக்கி அதனை மீட்கும் முயற்சி பின்னர் மேற்கொள்ளப்பெற்றது. திருச்சிராப்பள்ளியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இத்தகைய பணிகளுக்குப் பெயர்பெற்றது.

ஒரு செல்லிலிருந்து முழுச் செடியை வளர்த்தல் கூடும் என்னும் எண்ணத்தை 1902இல் ஹேபர்லாண்ட் வெளியிட்டார். 1962இல் முராஷிகே, ஸ்கூக் இருவரும் வகுத்த ஊட்டக் கலவையே இன்றும் ஆய்வகங்களில் பெரிதும் வழங்குகிறது. 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகாவும் சதீசு மகேசுவரியும், வேலியோரத்தில் வளரும் ஊமத்தை இனத்தின் மகரந்தத்திலிருந்து முழுச் செடியை வளர்த்து உலகை வியக்க வைத்தனர். ஊமத்தையைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வரலாற்றைச் சொல்லும் ஆசிரியரை மாணவர் மறவார்.

இவ்விடத்தே இக்கல்வியின் இன்றியமையாமை வெளிப்படுகிறது. திசு வளர்ப்பு நோயைத் தானே நீக்கும் மந்திரம் அன்று. தாய் வாழையில் நச்சுயிரி இருக்கிறதா என்று சோதிக்காமல் பெருக்கினால், ஆய்வகமே நோயை ஆயிரமாகப் பெருக்கித் தரும். இதன்பொருட்டே மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை ஏற்படுத்தியது. நாற்று வாங்கும்போது, "இது நச்சுயிரிச் சோதனை செய்யப்பட்டதா? சான்று உள்ளதா?" என்னும் இரண்டு வினாக்களைக் கேட்கத் தெரிந்த குடும்பம் ஓராண்டு உழைப்பைக் காத்துக்கொள்ளும். பரப்பு முழுவதும் ஒரே மரபுடைய கன்றுகளை நடுவதன் இடரும் எண்ணத்தக்கது. முன்னர் உலகச் சந்தையை ஆண்ட குரோமிசெல் வாழை, வாடல் நோயால் இருபதாம் நூற்றாண்டின் இடையிலேயே அச்சந்தையிலிருந்து மறைந்தது. வகுப்பறையில் பழத்தை அரிந்து பார்த்த பிள்ளை இவ்வினாக்களை வீட்டிற்குக் கொண்டு செல்லும். விளக்கத்தை மனனம் செய்த பிள்ளை மதிப்பெண்ணை மட்டுமே கொண்டு செல்லும்.

ஆசிரியர் கை

இவற்றைச் செய்யும் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்தது. ஆனால் தாம் ஒருமுறையேனும் செய்து பாராததை நாற்பது பேர் முன்னிலையில் செய்ய எவரும் தயங்குவர். ஆதலின் பயிற்சி முதலில் ஆசிரியர்க்கே வேண்டும். அதுவும் கேட்கும் பயிற்சியாக அன்றிச் செய்யும் பயிற்சியாக அமைதல் வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் பதினாறு பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் இதற்கு வழிகாட்டி. ஆசிரியர்கள் ஒவ்வொரு சோதனையையும் தாமே செய்து பழகினர்; கூடிப் பேசி இடர்ப்பாடுகளைக் களைந்தனர். தேர்விலும் நூலைப் பார்த்து எழுத இசைவு தந்து, செய்முறைக்கு இடம் அளித்தனர். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டம் 2002இல் அரசாணையால் நிறுத்தப்பெற்றது. தேர்வு முறையையும் தொட்டு மாற்றினாலன்றிச் செய்முறைக் கல்வி வேரூன்றாது என்பதும், அரசின் ஆதரவு நீங்கினால் நல்ல திட்டமும் நிலையாது என்பதும் அது தரும் இரு பாடங்கள்.

கருவியின் அருமையும் இன்று குறைந்துள்ளது. மனு பிரகாஷும் அவர்தம் குழுவினரும் 2014இல் அறிவித்த 'ஃபோல்டுஸ்கோப்' என்னும் தாள் நுண்ணோக்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளத் தக்கது. 2015இல் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை அதனை நாடெங்கும் பரப்ப உடன்பாடு செய்துகொண்டது. தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குச் செய்முறை அறிவியலைப் பள்ளி வாயிலுக்கே கொண்டு சென்றது. தட்டைப்பயற்றின் வேரைப் பிடுங்கி முடிச்சுகளைக் காணவும், வயல் நீரின் ஒரு துளியில் உயிர்களைக் காணவும் இவ்வளவு வசதி போதும். இட்லி மாவு பொங்குவதை அளந்து பார்ப்பதற்கு அதுவும் வேண்டுவதில்லை.

நுண்ணுயிர் வளர்க்கும் சோதனைகளில் மட்டும் கட்டுப்பாடு தேவை. அகர்த் தட்டினை மூடியபின் திறத்தல் ஆகாது. பணி முடிந்ததும் குக்கரில் வேகவைத்த பின்னரே கழிக்க வேண்டும். அந்த அகரும் அயலிலிருந்து வந்த பொருளன்று. மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அது கிடைக்கிறது.

இலக்கிய வட்டம் செய்யத்தக்கது

2015 சனவரியில் பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்திற்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த காலத்து எழுந்த விவாதத்தை இம்மாவட்டம் மறந்திருக்காது. ஆதரித்தோர்க்கும் எதிர்த்தோர்க்கும் அவரவர் நியாயங்கள் இருந்தன. ஆயின் அறிவியலாளரின் சொல்லும் ஊராரின் சொல்லும் ஒன்றையொன்று தொடாமல் நின்றன என்பதை இரு சாராரும் ஒப்புவர். அறிவியல் ஊருக்குள் வரும் நாளில் அதனோடு உரையாடும் மொழியை அன்றே தேட முடியாது. பள்ளிப் பருவத்திலேயே அது கைவரப் பெற்றிருக்க வேண்டும்.

அம்மொழியை ஆக்குவதில் இலக்கிய வட்டத்திற்குப் பங்குண்டு. கிழங்கு, பக்கக் கன்று, குருத்து, தார், சீப்பு என்று உழவர் நாவில் வழங்கும் சொற்களையும், திசு, மரபணு, நச்சுயிரி என்று பாடநூலில் உள்ள சொற்களையும் அருகருகே நிறுத்தி ஒரு சிறு கையேடு தொகுக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அப்பொருளைக் கண்ணால் காணச் செய்யும் ஓர் எளிய செய்முறை இடம்பெறட்டும். அறிவியலாசிரியர் செய்முறையைச் சரிபார்க்க, உழவர் வழக்குச் சொல்லைத் தர, தமிழாசிரியர் நடையைச் செப்பம் செய்யட்டும். அதன் முதற்படி அச்சாவதற்கு முன், இம்மாவட்டப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் சிலர் கூடி அதிலுள்ள செய்முறைகள் அனைத்தையும் தம் கையால் செய்து பார்க்கட்டும். செய்ய இயலாதது எதுவோ அது நூலிலிருந்து நீங்கட்டும்.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் வட்டத்திற்கு ஏற்ற பணி இது. விழாக் குழுவினர் இதனை ஆய்ந்து ஏற்பாராக.