விடுபட்ட ஓர் எண்



சிவாஜிநகர் ரஸல் மார்க்கெட்டில் வாழைப்பழம் விற்கும் தமிழ் மூதாட்டி ஒருவர் அண்மையில் என்னிடம், "பத்து வாங்காதீங்க ஐயா, டஜனா வாங்குங்க; ரெண்டு பேர், மூணு பேர், நாலு பேர், ஆறு பேர், யார் வந்தாலும் பங்கு சரியா வரும்" என்றார். எண் கணிதத்தின் நுட்பமான உண்மை ஒன்று அவ்வுரையில் அடங்கியிருந்தது. 12-ஐ மீதமின்றி வகுக்கும் எண்கள் ஆறு. அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் இல்லை. தன்னிற் சிறிய எல்லா எண்களையும் இவ்வாறு விஞ்சி நிற்பதனை 'உயர் பகு எண்' என்பர்.

இவ்வெண்களை விரிவாக ஆராய்ந்தவர் சீனிவாச ராமானுஜன். ஈரோட்டிற் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய்ப் பணிபுரிந்து, 1914-இல் இங்கிலாந்து சென்ற அவர், 1915-இல் இதுபற்றி நீண்டதொரு கட்டுரை வெளியிட்டார். அதற்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. அக்கட்டுரையின் பட்டியலில் 102 எண்கள் உள்ளன. இறுதி எண் 6746328388800. அதாவது ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடிக்கும் மேல்!

ஆனால், அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 293318625600. இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். இரண்டை ஒருமுறையும் எடுக்காமல் விடலாம்; ஆறு முறை வரையிலும் எடுக்கலாம்; ஆக, ஏழு வழிகள். இவ்வாறே மற்றவற்றையும் கணக்கிட்டு, 7, 5, 3, 3, நான்கு 2 ஆகியவற்றைப் பெருக்கினால் 5040 வகுஎண்கள் என்று தெளியலாம். வியப்பு யாதெனில், விடுபட்ட இவ்வெண்ணை 23-ஆற் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே வந்துவிடும். வகுஎண்களும் இருமடங்காகி 10080 ஆகும்.

இதனை வீட்டில் கூறியபோது, பள்ளியிற் பயிலும் என் மகள், "அப்பா, ராமானுஜன் கணக்கிலுமா விடுபடும்?" என்று கேட்டாள். அவள் முகம் வாடியது. அயல் மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பெருமையுடன் நாம் எடுத்துச் சொல்லும் பெயர்கள் சில. அவற்றுள் ஒன்றில் குறை காண்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளனாகிய நானும் ஒருமுறை நீண்ட அட்டவணை ஒன்றில் ஒரு வரியை விட்டிருக்கிறேன். அச்சான பின்னரே கண்டேன், அன்றிரவு உறங்கவில்லை. அதனை அவளிடம் கூறி, தாளும் பென்சிலும் கொடுத்து, இறுதி எண்ணை 23-ஆல் வகுக்கச் சொன்னேன். விடுபட்ட எண் ஓர் இலக்கமும் பிசகாமல் வந்தது. "அவர் விட்டதை அவர் எண்ணிலிருந்தே எடுத்துவிட்டேன்" என்றாள் மகிழ்ச்சியுடன்.

ராமானுஜனை அதிசயப் பிறவி என்று வணங்குவதோடு நின்றுவிட்டால், பிள்ளைகள் அவரைத் தொலைவிலேயே நிறுத்திவிடுவர். அவருடைய கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவரருகிற் சென்று அமர்வர். இன்றிரவு உங்கள் இல்லத்திலும் ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள்.