கோழி ஒன்று குறைந்தால்...

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்கள் கொல்லையில் பத்துக் கோழி மேய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் சாயங்காலம் அடைக்கிற நேரத்தில் எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் இருக்கிறது. வேலியோரம் இறகு சிதறிக் கிடக்கிறது. இல்லை, காலையில் கூட்டைத் திறந்தால் ஒன்று விறைத்துக் கிடக்கிறது. "சரி, போனது போச்சு, வர்ற சந்தையிலே ஒண்ணு வாங்கி விட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். போன கோழிக்காக வருத்தப்படுவதோடு நம் கவனம் முடிந்துவிடுகிறது. இன்றைக்கு நான் பேச வந்தது மிச்சம் இருக்கிற அந்த ஒன்பதைப் பற்றி.

முதல் காரியமாக, அந்தக் கோழி எதனால் போனது என்று பாருங்கள். இதை நாளைக்கு என்று தள்ளிவைக்கக் கூடாது. கீரியோ, மரநாயோ, காட்டுப்பூனையோ பிடித்திருந்தால், ருசி கண்ட அந்தப் பிராணி மறுபடியும் அதே வழியில் வரும். அன்று பொழுது சாய்வதற்குள் கூட்டைச் சுற்றிப் பார்த்து ஓட்டை உடைசலை அடைத்துவிட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டுக்குள்ளேயே ஒன்றைப் பறிகொடுத்த கோழிகள் மறுநாள் அதற்குள் போகப் பயப்படும். முருங்கை மரத்திலோ வைக்கோல் போரிலோ ஏறி உட்கார்ந்துகொள்ளும். பகலில் விரட்டிப் பிடித்தால் பயம் கூடத்தான் செய்யும். இருட்டிய பிறகு மெதுவாகத் தூக்கிக் கொண்டுபோய்க் கூட்டில் விடுங்கள். நாலைந்து ராத்திரி அப்படிச் செய்தால் பழையபடி தானாகவே அடைந்துகொள்ளும்.

காயம் எதுவும் இல்லாமல் செத்திருந்தால் சீக்கு என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அந்தக் கோழியைக் குழம்பு வைக்காதீர்கள். குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். நாய் இழுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனால் ஊர்க்கோழிக்கெல்லாம் ஆபத்து. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்புத் தூள் தூவிப் புதைத்துவிடுங்கள். தண்ணீர்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒன்றுக்குமேல் ஒன்றாகப் பல கோழிகள் திடீரென்று செத்தால் வெறும் கையால் தொடவே கூடாது. பறவைக் காய்ச்சல் போன்ற நோயாகவும் இருக்கலாம். உடனே பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள்.

சரி, மிச்சமுள்ள கோழிகளுக்குள் என்ன நடக்கிறது? நமக்கு எல்லாம் ஒரே கூட்டமாகத் தெரிகிறது. அவற்றுக்குள்ளே பெரியது சின்னது என்று ஒரு ஒழுங்கு உண்டு. நார்வே நாட்டில் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே என்று ஒருவர் இருந்தார். சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்தே கோழிகளை உட்கார்ந்து பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்தவர். 1922-இல் அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். முதல் கோழி எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது, முதல் கோழியைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். இப்படியே இறங்கி வந்தால், கடைசிக் கோழி எல்லாரிடமும் கொத்து வாங்கும், தான் யாரையும் கொத்தாது. இதைக் 'கொத்து வரிசை' என்கிறோம். தீனிச் சட்டியில் முதலில் வாய் வைப்பதும், ராத்திரி நல்ல இடத்தில் அடைவதும் இந்த வரிசைப்படிதான். நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இது புதுச் சங்கதி இல்லை. "அந்தக் கறுப்பி வந்தா மத்ததெல்லாம் ஒதுங்கிக்கும்" என்று அவர்கள் சொல்வதும் இதைத்தான்.

வரிசை நிலையாக இருக்கும்வரை சண்டை குறைவு. ஒரு முறைப்பிலேயே காரியம் முடிந்துவிடும். அந்த வரிசையிலிருந்து ஒன்று போய்விட்டால் என்ன ஆகும்? அது எந்த இடத்தில் இருந்த கோழி என்பதைப் பொறுத்தது. முதல் கோழி போனால் அதற்கு அடுத்தபடி இருந்த இரண்டு மூன்று கோழிகள் மோதிக்கொள்ளும். கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு நெஞ்சோடு நெஞ்சு பாயும். பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் ஓய்ந்துவிடும். நடுவில் இருந்த கோழி போனால் வெளியே அவ்வளவாகத் தெரியாது. கடைசிக் கோழி போனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம். "நோஞ்சான்தானே, போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அதுவரை அது வாங்கிய கொத்தையெல்லாம் இனி அதற்கு மேலே இருந்தது வாங்கும். இரண்டு வாரம் கழித்து அந்தக் கோழியும் இளைத்துப் போயிருக்கும். நாம் காரணம் தெரியாமல் முழிப்போம்.

இந்த நாட்களில் நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். ஒரே சட்டியில் தீனி வைக்காதீர்கள். கம்போ சோளமோ குருணையோ, இரண்டு மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரு சட்டியில் நிற்கிற கோழிக்கு அடுத்த சட்டி கண்ணில் படாமல், நடுவில் ஒரு சுவரோ செடியோ இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். ஒரு கட்டுக் கீரையைக் கோழிக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிட்டால் அதைக் கொத்திக்கொண்டிருக்கும், ஒன்றையொன்று கொத்துவது குறையும். சாதாரணச் சண்டைக்கு நீங்கள் குறுக்கே போக வேண்டாம். ரத்தம் வந்துவிட்டால் மட்டும் உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றவை விடாமல் கொத்தும். காயம்பட்டதைத் தனியாக வைத்து, புண்ணில் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போடுங்கள். அதற்காக வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. அதே வாசலில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மற்றவை பார்க்கிற மாதிரி வையுங்கள். கோழிகள் ஒன்றையொன்று முகத்தையும் கொண்டையையும் வைத்து அடையாளம் தெரிந்துகொள்கின்றன. இரண்டு மூன்று வாரம் கண்ணில் படாமல் இருந்தால், சொந்தக் கோழியே திரும்பி வரும்போது அந்நியமாகிவிடும்.

"கோழிக்கும் ஏக்கம் உண்டா சார்?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். கூடவே மேய்ந்து, கூடவே மண்குளியல் போட்ட கோழி இல்லாமல் போனால், இன்னொன்று கத்திக்கொண்டு தேடும். ஓரமாக நிற்கும். ஒன்றிரண்டு நாள் தீனி குறையும், முட்டையும் தவறலாம். இது நானே பார்த்தது. ஆனால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். மூன்றாம் நாளும் ஒரு கோழி இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கண் சொருகி நின்றால் அதை ஏக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிகிறதா, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா, கழுத்து திருகுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கோழிக்கழிச்சல் நோயாக இருக்கலாம். தனியே பிரித்து வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். ஏக்கம் என்று விட்டு வைத்த ஒரு கோழியால் கூண்டோடு போன வீடுகள் உண்டு.

போனது சேவல் என்றால் பெட்டைகள் முட்டையிடுவது நிற்காது. அந்த முட்டையைத் தாராளமாகச் சாப்பிடலாம், விற்கலாம். அடை வைக்கத்தான் உதவாது. அதிலும் ஒரு சலுகை உண்டு. சேவல் போன பிறகும் ஒரு வாரம் பத்து நாள்வரை இடுகிற முட்டையில் கரு இருக்கும், நாளாக நாளாகக் குறையும். நல்ல சேவலின் வித்து வேண்டுமென்றால் முதல் வாரத்து முட்டையை எடுத்து அடை வைத்துவிடுங்கள். சேவல் இல்லாத கூட்டத்தில் சில சமயம் முதல் பெட்டை கூவிப் பார்ப்பதும் உண்டு. அபசகுனம் என்று அதை அறுத்துவிடாதீர்கள்.

போனது தாய்க்கோழி என்றால் அன்று ராத்திரியே குஞ்சுகளுக்குச் சூடு வேண்டும். பொரித்து மூன்று நாலு நாளுக்குள் இருந்தால், அதே வயதுக் குஞ்சோடு இருக்கிற வேறு தாயின் இறக்கைக்கடியில் இருட்டில் செருகிவிடலாம். வளர்ந்த குஞ்சுகளை அது சேர்க்காது. அப்போது வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம், அல்லது பழைய குண்டு பல்பைக் கட்டித் தொங்கவிடலாம். இப்போது வீட்டில் இருக்கிற எல்.இ.டி. பல்பில் வெளிச்சம் உண்டு, சூடு கிடையாது. அதை நம்பிக் குஞ்சைச் சாகவிடாதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதை என் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்பு, நான் வேலையில் சேர்ந்த புதிது. என் அம்மாவிடம் பதினோரு சிறுவிடைக் கோழிகள் இருந்தன. தீபாவளிக்குத் தங்கைக்குப் பட்டுச்சேலை எடுக்க அம்மா நம்பியிருந்தது அந்தக் கோழிகளைத்தான். ஒன்றைக் கீரி பிடித்துவிட்டது. "ஒண்ணு போனா ரெண்டு வாங்கித் தர்றேம்மா" என்றேன். "இப்ப என்ன அவசரம் கண்ணு, கொஞ்சம் பொறு" என்றார். நான் கேட்கவில்லை. மறுநாள் சந்தையில் இரண்டு கொழுத்த பெட்டைகளை வாங்கிவந்து அன்று மாலையே கூட்டத்தோடு விட்டேன். அம்மாவின் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. பட்டம் வாங்கி வந்த நானும் அதை நினைக்கவில்லை. ஐந்தாம் நாள் புதுப்பெட்டை ஒன்று சோர்ந்து நின்றது. இரண்டு வாரத்துக்குள் அம்மாவின் பத்தில் ஏழு செத்துப்போயின. நான்தான் குழி தோண்டினேன். "நீ ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவன், உங்கிட்ட நான் என்னத்தைச் சொல்றது" என்றார் அம்மா. அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தீபாவளிக்குத் தங்கை பழைய சேலைதான் கட்டினாள். கீரி தின்றது ஒரு கோழி. என் அவசரம் தின்றது ஏழு.

ஆகையால் தாய்மார்களே, காலி இடத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள். புதுக்கோழி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் உங்கள் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர்தோறும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது, தவறவிடாதீர்கள். வாங்கி வந்ததை 21 நாள் தள்ளி ஓர் இடத்தில் தனியே வையுங்கள். அதற்குத் தனிச் சட்டி. முதலில் உங்கள் கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாகத்தான் அதனிடம் போக வேண்டும். சீக்கு இல்லை என்று தெரிந்த பிறகு, ஒரு வாரம் கொல்லையிலேயே பஞ்சாரத்துக்குள் வையுங்கள். இரு பக்கமும் பார்த்துப் பழகட்டும். பிறகு ராத்திரி எல்லாம் அடைந்தபின் சத்தமில்லாமல் உள்ளே விடுங்கள். ஒன்றாக விடுவதைவிட இரண்டாக விட்டால் வாங்குகிற கொத்து பங்காகிவிடும். விடிந்ததும் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

இதையெல்லாம்விட நல்ல வழி ஒன்று உண்டு. உங்கள் அடைக்கோழியே அந்த இடத்தை நிரப்பட்டும். பத்துப் பன்னிரண்டு முட்டை, 21 நாள் அடை. அந்தக் கொல்லையிலேயே பிறந்து, தாயோடு திரிந்து வளர்கிற குஞ்சு, யாருக்கு ஒதுங்க வேண்டும், யாரை ஒதுக்கலாம் என்று தானே கற்றுக்கொள்ளும். ஆறேழு மாதம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மூன்று கோழிகளை வைத்து என் அம்மா இப்படித்தான் கூட்டத்தைத் திரும்பப் பெருக்கினார். இரண்டாம் வருஷத் தீபாவளிக்குச் சேலை வந்தது. ஆகவே உங்கள் வீட்டில் ஒரு கோழி குறைந்தால், சந்தைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கொல்லையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து மிச்சம் இருப்பதைப் பாருங்கள். எது ஒதுங்கி நிற்கிறது, எது தின்னவில்லை என்று எண்ணிக் கொள்ளுங்கள்.