உடல் ஏலாதவர்களும் மெல்பேர்ண் குளிரும்: கேட்டால் கிடைப்பவை

(கிரெய்கிபர்னில் புதிதாக வந்தவர்களுக்கான தகவல் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பின்னுக்கு இருக்கிறவை முன்னுக்கு வாங்கோ, ஹீற்றர் இஞ்சைதான் இருக்கு. படிப்பித்த காலத்துப் பழக்கம், எனக்குப் பின்வாங்கில்தான் கண் போகும். கேள்வி இருப்பவர்கள் அங்கேதான் இருப்பார்கள், ஆனால் கேட்கமாட்டார்கள். இன்றைய விடயமும் அதுதான்: கேட்காமல் இருப்பது.

போன குளிர்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் சொல்லமாட்டேன். மற்றவர்களுக்குச் சொல்லுங்கோ என்று அந்தத் தம்பியே சொன்னதால்தான் சொல்கிறேன். அவருக்கு 2009 இல் முள்ளிவாய்க்காலில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் போட்டு நீளக் காற்சட்டை போட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது. இங்கே ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தார். வீட்டுக்காரருக்கும் தெரியாது, வைத்தியரிடமும் சொல்லவில்லை. யூலை மாதம் குளிரில் கால் கட்டை சுருங்கி, செயற்கைக் கால் தளர்ந்து உரசத் தொடங்கியது. பழைய துணியை மடித்து உள்ளே வைத்து நடந்திருக்கிறார். தோல் கிழிந்து, புண்ணாகி, காய்ச்சலும் வந்த பிறகு எப்பிங்கில் இருக்கிற நோர்தன் ஹொஸ்பிற்றலுக்குக் கொண்டுபோனோம். ஏன் தம்பி சொல்லேல்லை என்று கேட்டேன். "அக்கா, கால் இல்லை எண்டு தெரிஞ்சால் விசா தரமாட்டினம் எண்டு சொன்னவை" என்றார்.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. இந்தக் கதை எல்லா வீட்டிலும் உலாவுகிறது, அதற்கு ஒரு காரணமும் உண்டு. திறன் விசா, துணைவர் விசா போன்ற வேறு விசாக்களுக்கு உடல்நல விதி ஒன்று இருக்கிறது. வருத்தத்துக்கு அரசு செலவழிக்க வேண்டி வரும் என்றால் சில வேளை மறுப்பார்கள். அப்படி மறுக்கப்பட்டவர்களின் கதை எங்கள் காதுக்கும் வந்து, எல்லாருக்கும் அதுதான் சட்டம் என்று ஆகிவிட்டது. பாதுகாப்பு விசாவுக்கு, அதாவது நீங்கள் கேட்டிருக்கும் 866 விசாவுக்கு, அந்த விதி இல்லை. வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், கட்டாயம் போக வேண்டும். ஆனால் கால் இல்லை, கண் தெரியவில்லை, நடக்க ஏலாது, சிகிச்சைக்குச் செலவாகும் என்று சொல்லி பாதுகாப்பு விசாவை மறுப்பதில்லை. இதை இரண்டு தரம் சொல்கிறேன், எழுதி வையுங்கோ: மறுப்பதில்லை.

இன்னொன்று. உங்களுடைய காயம் உங்களுடைய கேசுக்கும் வேண்டியது. ஷெல் துண்டு, சூட்டுக் காயம், அடித்த தழும்பு, இவை எல்லாம் உங்கள் கதைக்கு உடம்பே சொல்லும் சாட்சி. லோயரிடம் மறைத்துவிட்டு இரண்டு வருசம் கழித்துச் சொன்னால், "ஏன் முதலே சொல்லவில்லை" என்ற கேள்விதான் முதலில் வரும். ஆகவே முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள்.

'அங்கவீனம்' என்ற சொல் நம்மில் பலருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. இந்த நாட்டில் 'டிசபிலிற்றி' என்று சொல்வது அதைவிடப் பெரிய வட்டம். குண்டுச் சத்தத்தால் காது மந்தமானது, முதுகு நோவால் அரை மணித்தியாலம் இருக்க ஏலாதது, சீனி வருத்தத்தால் கால் விறைத்துப் போனது, நித்திரை இல்லாமல் மனம் உடைந்து வேலைக்குப் போக முடியாதது, எல்லாம் அதற்குள் வரலாம். "நான் அங்கவீனன் இல்லை" என்று சொல்லி எழும்பிப் போகவேண்டாம்.

இனிக் காசு. முதலில் இல்லாததைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறக்கூடாது. பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்களுக்கு சென்ரர்லிங்கின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடையாது. என்.டி.ஐ.எஸ். என்ற தேசியத் திட்டமும் கிடையாது, அது குடியுரிமை அல்லது நிரந்தர விசா இருப்பவர்களுக்கு. இரண்டுக்கும் விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இருப்பது எஸ்.ஆர்.எஸ்.எஸ். என்ற உதவி. சென்ரர்லிங்க் கொடுப்பனவின் 89 வீதம் வரைதான் அது போகும். 2018 இல் விதிகளை இறுக்கிய பிறகு எடுப்பவர்கள் மிகக் குறைந்துவிட்டார்கள். வேலை செய்யக்கூடியவர் என்று கண்டால் தரமாட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், உடல் ஏலாதவர் என்பது வைத்தியரின் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். "முதுகு நோ" என்று ஒரு வரி எழுதிய கடிதம் போதாது. என்ன வருத்தம், எவ்வளவு காலமாக, எதைச் செய்ய முடியாது, எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று எழுதச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கையும் பார்ப்பார்கள். ஊருக்கு அனுப்பிய காசும் கணக்கில் வரும். அம்மாவுக்கு மருந்துக்கு அனுப்பினதையும் கேட்பார்களா என்று ஒரு தங்கச்சி கேட்டார். கேட்பார்கள். அனுப்ப முன்னம் எங்களோடு ஒருக்காக் கதையுங்கோ.

அந்த வைத்தியக் கடிதங்களை எறிந்துவிடாதீர்கள். நாளைக்கு நிரந்தரப் பாதுகாப்பு விசா கிடைத்தால் என்.டி.ஐ.எஸ். கேட்கலாம், வயது 65 ஐத் தாண்டியிருக்கக்கூடாது. ஓய்வூதியத்துக்கு மற்றவர்கள் 10 வருடம் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும், அகதி விசா பெற்றவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் இரண்டிலும் கேட்பது ஒன்றைத்தான்: நோய் கண்டறியப்பட்டதா, சிகிச்சை நடந்ததா, கடதாசி எங்கே. இன்று வைத்தியரிடம் போகாதவருக்கு அன்று காட்ட ஒன்றும் இருக்காது. ஒரு பைல் வாங்கி எல்லாவற்றையும் திகதி வரிசையில் போட்டு வையுங்கோ.

காசாக வராவிட்டாலும் விக்டோரியா மாநிலம் தருவது கொஞ்சம் அல்ல. மெடிகெயார் இல்லாத புகலிடக் கோரிக்கையாளருக்கும் பொது வைத்தியசாலையில் சிகிச்சை, இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, அங்கு தரும் மருந்து எல்லாம் இலவசம். அம்புலன்சும் இலவசம். விண்ணப்பம் கிடைத்தது என்று இமிகிரேசன் அனுப்பிய கடிதத்தின் பிரதி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், கவுண்டரில் அதைக் காட்டுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கே இந்த விதி தெரியாமல் பில் வரும், இது அடிக்கடி நடக்கிறது. பயந்துபோய்க் கட்டவும் வேண்டாம், கிழித்தெறியவும் வேண்டாம். எங்களிடம் கொண்டு வாங்கோ.

வேலை செய்யும் அனுமதி இருந்தால் மெடிகெயாரே கிடைக்கும். விசாக் கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சக்கர நாற்காலி, நடக்கும் சட்டகம், குளியலறைக் கதிரை போன்றவற்றுக்கு மாநில அரசின் உபகரணத் திட்டம் ஒன்று உண்டு. அதற்குப் புகலிடக் கோரிக்கையாளரும் கேட்கலாம். நீங்களாக எழுதிப் போட முடியாது, தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் பார்த்துத்தான் அனுப்பவேண்டும். காத்திருப்பும் நீளம். ஆகவே குளிர் தொடங்க முன்னமே கேட்டு வையுங்கள். இதற்கெல்லாம் வாசல், இங்கே பக்கத்தில் இருக்கும் டி.பி.வி. ஹெல்த். அங்கே அகதிகளுக்கென்று தாதி இருக்கிறார். தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்களே எடுப்பார்கள். வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அம்மாவின் வருத்தத்தை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அது பிள்ளைக்கும் பாரம், அம்மாவும் முழுதும் சொல்லமாட்டா. வைத்தியரும் மொழிபெயர்ப்பாளரும் நீங்கள் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது, அது அவர்கள் தொழிலின் விதி.

இனி வீடு. கிரெய்கிபர்னில் யூன், யூலையில் காலையில் 5, 6 பாகைதான் இருக்கும். சில நாள் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018 இல் சொன்னது. நடக்க ஏலாமல் ஓரிடத்தில் இருப்பவர் அசைவால் சூடு பெறுவதில்லை, அவருக்கு இன்னும் கொஞ்சம் கூடத்தான் வேண்டும். ஆனால் நம் சனம் முதலில் அணைப்பது ஹீற்றரைத்தான். பில்லுக்குப் பயம்.

வாடகை வீடு என்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2021 மார்ச் 29 இல் இருந்து விக்டோரியாவில் வாடகை வீட்டின் பிரதான இருக்கை அறையில் பொருத்தப்பட்ட, வேலை செய்கிற ஹீற்றர் இருக்க வேண்டும். தூக்கி வைக்கும் சின்ன ஹீற்றர் அதற்குக் கணக்கில்லை. ஹீற்றர் பழுதானால் அது 'அவசரத் திருத்தம்'. வீட்டுக்காரர் உடனே செய்யாவிட்டால் 2,500 டொலர் வரை நீங்களே திருத்தி அந்தக் காசைக் கேட்டு வாங்கலாம். ஆனால் தனியாகச் செய்ய வேண்டாம், முதலில் எழுத்தில் அறிவிக்க வேண்டும், அந்தக் கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம். கேட்டால் எழுப்பிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் 2025 நவம்பரில் இருந்து காரணம் சொல்லாமல் எழுப்ப முடியாது. குளியலறையில் கைபிடி பூட்ட வேண்டும் என்றாலும் கேட்கலாம். உடல் ஏலாதவருக்கான சின்ன மாற்றத்தைத் தகுந்த காரணம் இல்லாமல் மறுக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஒருவரின் வீட்டில் ஓர் அறை மட்டும் எடுத்து இருப்பவர்களின் நிலைமை வேறு, ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம். கொண்டு வாங்கோ.

பில் கட்ட முடியாவிட்டால் கம்பனிக்குத் தொலைபேசி எடுங்கள். ஒளிந்திருக்காதீர்கள். கஷ்டம் என்று சொன்னால் தவணை தர வேண்டியது அவர்களுடைய கடமை. 'யூற்றிலிற்றி றிலீப் கிறான்ற்' என்று கேளுங்கள், அந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு காஸ், மின்சாரம், தண்ணீர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடத்தில் 650 டொலர் வரை அது கிடைக்கலாம். விண்ணப்பம் கம்பனி மூலம்தான் தொடங்கும். மே முதல் ஒக்டோபர் வரை காஸ் பில்லில் 17.5 வீதம் கழிக்கும் சலுகையும் உண்டு, ஆனால் அதற்குச் சலுகை அட்டை வேண்டும். விசா கிடைத்து அட்டை வந்த அன்றே கம்பனிக்கு அறிவியுங்கள், தானாக வராது. பில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். மூச்சு இயந்திரம் போன்ற உயிர்காப்புக் கருவி வீட்டில் இருந்தால் கம்பனியில் பதிந்துவிடுங்கள். பதிந்த வீட்டின் மின்சாரத்தைக் காசு கட்டவில்லை என்று வெட்டக்கூடாது.

ஆங்கிலம் தெரியாது என்று தயங்க வேண்டாம். 131 450 க்கு எடுத்து "டமில் பிளீஸ்" என்று சொல்லுங்கோ. மொழிபெயர்ப்பாளர் வந்து, பிறகு கம்பனியோடு இணைப்பார்.

காசை மிச்சம் பிடிக்க ஒருவரும் கரிச்சட்டியை, பாபிகியூவை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அதில் இருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பழுதான காஸ் ஹீற்றரில் இருந்தும் அது வரும். 2010 இல் ஷெப்பார்ட்டன் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இரண்டு சிறுவர்கள் அப்படித்தான் நித்திரையிலேயே இறந்தார்கள். வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காஸ் ஹீற்றரைச் சோதிப்பிக்க வேண்டும், கடைசியாக எப்போது பார்த்தது என்று கேளுங்கள். வீட்டுக்குள் தலையிடி, வெளியே போனால் சுகம் என்றால் உடனே எல்லாரும் வெளியே வந்து 000 எடுங்கள்.

உடம்பைப் பற்றி, அனுபவத்தில் கண்ட சிலது. செயற்கைக் கால் போடுகிறவர்கள்: குளிரில் கட்டை சுருங்கும், வெப்பத்தில் ஊதும். அதற்கென்று விற்கும் சொக்சைக் கூட்டிக் குறைத்துப் போட வேண்டும், துணி வைக்கக்கூடாது. இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள், சிவப்பு மாறாமல் இருந்தால் அன்றைக்குப் போடாதீர்கள். முள்ளந்தண்டு அடிபட்டவர்களும் சீனி வருத்தத்தால் கால் விறைத்தவர்களும் சுடுதண்ணிப் போத்தலை உணர்ச்சி இல்லாத இடத்தில் வைக்க வேண்டாம். சுடுவது தெரியாது, காலையில் கொப்புளம் தான் தெரியும். ஹீற்றருக்கு ஒரு மீற்றர் தள்ளியே இருங்கள். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் குளிரில் நோ கூடினால் வைத்தியரிடம் போவீர்கள், அவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். இரும்பு உள்ளே இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், அந்த இயந்திரம் காந்தம். வெயில் குறைந்த மாதங்களில் எங்கள் நிறத்து ஆட்களுக்கு விற்றமின் டி குறைவது வழக்கம், இரத்தம் சோதித்துக் கேளுங்கள். காய்ச்சல் ஊசியை ஏப்ரல், மேயில் போட்டுவிடுங்கள்.

இரவில் நித்திரை வராமல் பழையது எல்லாம் வருகிறது என்றால், அது குளிரால் மட்டும் அல்ல. பிறன்ஸ்விக்கில் பவுண்டேசன் ஹவுஸ் என்று ஓர் இடம், 1987 இல் இருந்து சித்திரவதைக்கு ஆளானவர்களோடு வேலை செய்கிறது. காசு இல்லை, தமிழில் கதைக்கலாம்.

பகலில் வீட்டில் தனியே விறைத்துக்கொண்டு இருக்காதீர்கள். இங்கே நூலகம் சூடாக இருக்கும், சக்கர நாற்காலி போகும், சும்மா இருந்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஹியூம் ஹைவேயில் இருக்கும் சீக்கியரின் குருத்துவாராவில் யார் போனாலும் சூடாகச் சாப்பாடு தருவார்கள், தலையை மூடிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான். புட்ஸ்கிறேயில் உள்ள அசைலம் சீக்கர் றிசோர்ஸ் சென்ரருக்குப் போக வேண்டியவர்கள் நோர்த் மெல்பேர்ண் ஸ்டேசனில் ரெயின் மாறலாம்.

அந்தத் தம்பிக்கு இப்போது புதுக் கால் அளவெடுத்திருக்கிறார்கள். அவருடைய லோயர் வைத்தியசாலைக் கடிதத்தையும் கேசோடு சேர்த்திருக்கிறார். விசா முடிவு இன்னும் வரவில்லை.

சரி. பில், வாடகை ஒப்பந்தம், இமிகிரேசன் கடிதம் கையில் இருப்பவர்கள் இந்த மேசைக்கு வாங்கோ. தனியாகக் கதைக்க விரும்புகிறவர்கள் பின்னுக்கு இருக்கிற சின்ன அறைக்கு வரலாம், கதவு பூட்டலாம். தேத்தண்ணி ஆறமுன்னம் எடுங்கோ.